உபாலியின் ஜெட் கொழும்பில் இறங்கியிருந்தால்: ஒரு மாற்று வரலாற்றுக்குத் தேவையான காகித வேலை

1983 பெப்ரவரி 13 இரவு கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய ஒரு லியர்ஜெட் வந்து சேரவேயில்லை. மூன்று மணித்தியாலத்துப் பறப்பு அது. மலாக்கா நீரிணைக்கு மேலே எங்கோ காணாமல் போனது. உள்ளே இருந்த ஆறு பேரில் ஒருவர் உபாலி விஜேவர்தன. இன்னும் நாலு நாளில் அவருக்கு 45 வயது நிறைந்திருக்கும்.

"உபாலி இருந்திருந்தால் நாடு எப்போதோ சிங்கப்பூர் ஆகியிருக்கும்." கொழும்பில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் இந்த வசனம் வந்துவிடும். சிங்களவர் மட்டுமல்ல, புறக்கோட்டையில் கடை வைத்திருந்த நம்மவரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகலாம், செலவில்லை. ஆனால் இதையே கதையாகவோ தொடராகவோ எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாக ஒரே இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். விமானம் இறங்குகிறது, அடுத்த அத்தியாயத்தில் ஆள் ஜனாதிபதி. நடுவில் இருந்த ஆறு வருடம் எங்கே? கட்சி எங்கே, வேட்புமனு எங்கே? இலங்கையில் பணக்காரர் ஒருவர் ஜனாதிபதியாவதைத் தடுப்பது பணமோ சனமோ அல்ல. அரசியல் யாப்பிலுள்ள நாலைந்து உறுப்புரைகள்தான். அவற்றைச் சரியாகப் பிடித்தால் கதை தானாக நடக்கும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. கம்புறுப்பிட்டியவில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். டெல்டா டொபி, கண்டோஸ் சொக்லேட், யுனிக் வானொலி, கார் பொருத்தும் தொழிற்சாலை, 1981 இல் தொடங்கிய 'திவயின', 'த ஐலண்ட்' பத்திரிகைகள். 1978 இல் உருவான பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுவுக்கு முதல் பணிப்பாளர் நாயகம். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் அந்த ஆணைக்குழுவின் வேலை. உறவுமுறைதான் கதாசிரியருக்குக் கிடைத்த வரப்பிரசாதம்: ஜே.ஆர். ஜயவர்தனவின் தாய் ஒரு விஜேவர்தன, ஆகவே ஜனாதிபதி சொந்தக்காரர். மனைவி ரத்வத்தை குடும்பம், ஆகவே சிறிமாவோ பண்டாரநாயக்க மனைவிக்கு அத்தை முறை. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே கலியாண வீட்டில் சாப்பிடுகிற குடும்பம்.

இனி நாட்காட்டி. இதில்தான் முக்கால்வாசிக் கதைகள் பிழைக்கின்றன. 1982 ஓகஸ்டில் வந்த மூன்றாம் திருத்தம், ஜனாதிபதி நாலு வருடம் முடித்ததும் முன்கூட்டியே தேர்தலுக்குப் போகலாம் என்றது. ஜே.ஆர். ஒக்டோபர் 20 இல் 52.91 வீதத்தோடு வென்றார். டிசம்பர் 22 இல் சர்வசன வாக்கெடுப்பு. அதன் பலனாக 1977 இல் தெரிவான பாராளுமன்றத்துக்கு இன்னும் ஆறு வருட ஆயுள். ஜே.ஆரின் இரண்டாவது பதவிக்காலம் 1983 பெப்ரவரி 4 இல் ஆரம்பம். ஒன்பது நாளில் விமானம் காணாமல் போகிறது.

இதற்கு என்ன அர்த்தம்? விமானம் பத்திரமாக இறங்கினாலும் உபாலிக்கு முன்னால் ஜனாதிபதித் தேர்தலும் இல்லை, பொதுத் தேர்தலும் இல்லை. 1983 க்கும் 1988 க்கும் இடையில் "ஜனாதிபதித் தேர்தலில் குதித்தார்" என்று எழுதினால் அந்த இடத்திலேயே வாசகர் புத்தகத்தை மூடிவிடலாம். தொகுதியில் நிற்காமலே கட்சி ஆளை எம்.பி.யாக்கும் தேசியப் பட்டியலும் அப்போது கிடையாது. அது 1988 இல் பதினான்காம் திருத்தத்தோடு வந்தது. 225 ஆசனம் என்பதும் 1989 இலிருந்துதான். 1977 பாராளுமன்றத்தில் 168 பேர்.

அப்படியானால் உள்ளே போக வழி? ஒன்று, வெற்றிடம் வந்தால் கட்சியே ஆளை நியமிக்கும் முறை. மற்றது இதைவிட அழகானது. 1983 பெப்ரவரி 25 இல், அதாவது விமானம் காணாமல் போய்ப் பன்னிரண்டாம் நாள், ஐந்தாம் திருத்தம் நிறைவேறியது: கட்சி ஆளை நியமிக்காவிட்டால் அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் வைக்கலாம். அந்த வழியால் மே 18 இல் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. உயிரோடு திரும்பிய ஒரு உபாலிக்கு இதைவிடத் தோதான கதவு வரலாற்றிலேயே இல்லை. கற்பனையில் ஒரு தென்பகுதித் தொகுதியைக் காலியாக்குங்கள், மே மாதம் வெல்ல வையுங்கள், ஒரு சின்ன அமைச்சுக் கொடுங்கள். பெரிய அமைச்சு வேண்டாம். பிரேமதாச 1978 இலிருந்தே பிரதமர். அவருக்குப் பின்னால் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக வந்த சொந்தக்காரருக்கு நிதி அமைச்சைத் தூக்கிக் கொடுத்தால் அந்த மூவரும் சும்மா இருப்பார்கள் என்று யார் நம்புவார்?

இடையில் ஜே.ஆருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 40 ஆம் உறுப்புரைப்படி பிரதமர் பதில் கடமை பார்ப்பார், ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். அதற்கும் உபாலி எம்.பி.யாக இருக்க வேண்டும். சிலர் இந்தக் காட்சியில் "தமிழ் எம்.பி.க்களின் ஆதரவோடு" என்று ஒரு வரி போடுகிறார்கள். 1983 ஓகஸ்ட் 8 இல் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கேட்கும் ஆறாம் திருத்தம் வந்து, தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அதைச் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சபையில் எஞ்சியவர்கள் தொண்டமான், தேவநாயகம், இராஜதுரை போல அரசோடு நின்றவர்கள்தான். பேரம் பேச வடக்கிலிருந்து ஆளே இல்லை.

ஜூலை 83 இல் தமிழ் வாசகர் கட்டாயம் நின்று பார்ப்பார், ஆகவே எழுதுகிறவரும் நிற்க வேண்டும். "உபாலி இருந்திருந்தால் கலவரம் நடந்திருக்காது" என்ற வாதம் எனக்குச் செமிக்கவில்லை. ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்படுகிறார்கள், 24 மாலை பொரளை கனத்தையில் கூட்டம் சேர்கிறது, 25 ஆம் திகதி கொழும்பு எரிகிறது. வெலிக்கடைச் சிறையில் 25 இலும் 27 இலும் 53 பேர் கொல்லப்படுகிறார்கள். ஜே.ஆர். தொலைக்காட்சியில் வாய் திறந்தது 28 இல். இந்தச் சங்கிலியில் இரண்டு மாத வயதுள்ள ஒரு எம்.பி. எந்தக் கண்ணியைப் பிடித்து இழுப்பார்? பொலிசும் இராணுவமும் அவர் கையில் இல்லை. தன் பத்திரிகையில் ஒரு ஆசிரியத் தலையங்கம் எழுத வைக்கலாம். வைப்பாரா என்பதே கேள்வி.

அவர் உண்மையில் கை வைக்கக்கூடிய இடம் அதற்குப் பிறகு வருகிறது. சேதமான கடைகளும் தொழிற்சாலைகளும் அவசரகால விதிகளின் கீழ் ரெபியா என்ற அதிகாரசபையிடம் பாரப்பட்டன. தன் கடையைத் திரும்பப் பெறுவதற்கு உரிமையாளரே விண்ணப்பிக்க வேண்டும். புறக்கோட்டையில் கூரை போன கடை. கணக்குப் புத்தகம் சாம்பல். கடையின் உறுதிப் பத்திரம் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருந்தது, வீடும் போய்விட்டது. உரிமையாளர் முகாமில் இருந்து கப்பல் ஏறி யாழ்ப்பாணத்தில். அவர் எந்த முகவரியிலிருந்து விண்ணப்பம் போடுவார்? எந்தப் பற்றுச்சீட்டைக் காட்டி இழப்பைக் கணக்குக் காட்டுவார்? தொழில் தெரிந்த ஒரு அமைச்சர் இந்தப் படிவத்தைச் சுருக்கலாம், வங்கிக் கடனின் தவணையைத் தள்ளி வைக்கலாம். அல்லது மலிவாக வருகிற கட்டடங்களைப் பார்த்து அவருடைய ஆட்களே நாக்கைச் சப்புக்கொட்டலாம். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கத் தெரிந்தவர்தான் இந்தக் கதையை எழுத வேண்டியவர்.

அடுத்தது 1988. இரண்டு தடவை மக்களால் தெரிவானவர் மறுபடி நிற்க முடியாது என்பதால் ஜே.ஆர். கழிந்துவிட்டார். உபாலிக்கு இப்போது ஐம்பது. எல்லோரும் ஆசைப்பட்டு எழுதுகிற வழி: ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) அவரை ஒதுக்குகிறது, அவர் கோபித்துக்கொண்டு வெளியேறித் தனியாக நிற்கிறார், மக்கள் வெள்ளம், வெற்றி. முதல் சிக்கல் 31 ஆம் உறுப்புரை. அங்கீகரிக்கப்பட்ட கட்சி எதுவும் யாரையும் நியமிக்கலாம். கட்சியில்லாமல் சாதாரண வாக்காளர் ஒருவரின் நியமனத்தில் நிற்க வேண்டுமானால் வேட்பாளர் சட்டசபைக்கு எப்போதாவது தெரிவாகியிருக்க வேண்டும். அதாவது 1983 இல் இடைத்தேர்தல் வெல்லாத உபாலி, எவ்வளவு கோடி வைத்திருந்தாலும், சுயேச்சையாக வேட்புமனுவே கொடுக்க முடியாது. கட்டுப்பணம் ஒரு பொருட்டே அல்ல: கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, மற்றவருக்கு 75,000. பொருட்டானது அந்த ஒரு தகுதி.

சரி, 83 இல் வென்றார், 88 இல் வெளியேறினார் என்றே வைப்போம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

டிசம்பர் 19 இல் உண்மையில் வந்த முடிவு: பிரேமதாச 2,569,199, சிறிமாவோ 2,289,860, ஒஸி அபேகுணசேகர 235,719. செல்லுபடியானவை மொத்தம் 5,094,778, அதில் பாதி 2,547,389. பிரேமதாச பாதியைத் தாண்டியது வெறும் 21,810 வாக்கால். ஒரு நடுத்தர நகரசபையின் வாக்கு.

நாலாவது வேட்பாளராக உபாலி வந்தால் வாக்குச்சீட்டின் விதியே மாறும். மூன்று பேர் என்றால் வாக்காளர் 1, 2 என்று போடலாம். மூவருக்கு மேல் என்றால் 1, 2, 3. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் ஒரே அடியில் நீக்கப்படுவார்கள், ஒவ்வொருவராக அல்ல. நீக்கப்பட்டவர்களின் சீட்டில் இரண்டாம் விருப்பு அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குப் போகும், இல்லாவிட்டால் மூன்றாம் விருப்பைப் பார்ப்பார்கள். ஆகவே மூன்றாவதாக வந்தவர் "எல்லோருக்கும் இரண்டாவது தெரிவு" என்று வெல்வது இங்கே நடக்காது. அவுஸ்திரேலியத் தேர்தலைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் இதில் தவறாமல் சறுக்குகிறார்கள்.

உபாலி ஐ.தே.க. வாக்கில் பாதிக்குச் சற்று மேல், 1,300,000 எடுத்தார் என்று வையுங்கள். பிரேமதாசவுக்கு 1,269,199 மிஞ்சும். இறுதிச் சுற்றில் உபாலியும் சிறிமாவோவும். இடைவெளி 989,860. ஒஸியின் வாக்குகள் யாருக்கும் ஆதாயம் தராமல் பிரிந்தால், பிரேமதாசவுக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் இரண்டாம் விருப்பை உபாலிக்கு எழுதியிருக்க வேண்டும். தங்கள் தலைவரின் வாக்கை உடைத்த ஆளுக்கு! அதிலும் இலங்கை வாக்காளரில் பெரும்பாலானோரின் இரண்டாம், மூன்றாம் விருப்பு யாருக்கும் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது. விருப்பு வாக்கு முதன்முதலாக எண்ணப்பட்டது 2024 இல். முதல் இருவரான அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச ஆகியோருக்கு வெளியே விழுந்த வாக்குகள் 3,321,666. அவற்றில் அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867, மொத்தம் 273,131 தான் கைமாறின. நூற்றுக்கு எட்டு. அந்த வீதத்தை 1988 இல் போட்டால் உபாலிக்கு ஆகக் கூடினாலும் ஒன்றேகால் இலட்சம் சேரும்.

ஆக அவர் தனியாக நின்றால் ஜனாதிபதியாவது மனைவியின் அத்தை.

எனவே ஐ.தே.க. வேட்பாளராக நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி நின்றாலும் வெற்றி உறுதியா? அந்த 21,810 இல் எவ்வளவு பிரேமதாச என்ற ஆளுக்கு விழுந்தது என்று யோசியுங்கள். வாழைத்தோட்டத்தில் பிறந்து மேலே வந்தவர், ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா ஜனசவிய என்று சொல்லி வாக்குக் கேட்டவர். சொந்த ஜெட்டும் இங்கிலாந்தில் பந்தயக் குதிரையும் வைத்திருந்தவர் அதே வாக்குறுதியைச் சொன்னால் ஒருகொடவத்தையில் எடுபடுமா? சொந்த மாவட்டமான மாத்தறையும் கைகொடுக்காது. அப்போது ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜே.வி.பி.யின் புறக்கணிப்பு மிரட்டலால் அங்கே அன்று வாக்களித்தவர்கள் சொற்பம். தென்னகத்து மைந்தன் என்று போஸ்டர் ஒட்டலாம், வாக்குச்சாவடிக்கு யார் வருவது?

அப்போது சிறுபான்மை வாக்கு. இங்கே கதை சூடு பிடிக்கிறது. முஸ்லிம் காங்கிரசின் அஷ்ரப் கேட்டது, பாராளுமன்றத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறக் கட்சிக்குத் தேவையான ஆகக் குறைந்த வாக்கு வீதத்தை, அதாவது வெட்டுப்புள்ளியை, 12.5 வீதத்திலிருந்து 5 ஆகக் குறைப்பது. பதினைந்தாம் திருத்தமாக அது நிறைவேறியது டிசம்பர் 17 இல், வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னால். இந்தப் பேரத்தை மூன்றில் இரண்டு பெரும்பான்மை கையில் வைத்திருக்கும் கட்சிதான் செய்ய முடியும். அதனாலும் உபாலி ஐ.தே.க.வுக்குள் இருக்க வேண்டும். மலையகத்தில் தொண்டமான். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் 39 ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் 1988 இன் கடைசியில்தான். ஆனால் கவனம்: குடியுரிமை கிடைத்த உடனே வாக்கு வந்துவிடாது. வாக்காளர் இடாப்பு ஆண்டுக்கொருமுறை திருத்தப்படுவது. "புதிய பிரஜைகள் வரிசையில் நின்று உபாலிக்கு வாக்களித்தனர்" என்ற காட்சியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தை வேறாகப் பார்க்க வேண்டும். திறந்த பொருளாதாரத்தின் முகம் உபாலி. 1982 தேர்தலில் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் 40 வீதமளவு எடுத்தார், அது எதிர்பார்த்தது. ஆச்சரியம் இரண்டாமிடம்: ஹெக்டர் கொப்பேகடுவ, 35 வீதமளவு. எழுபதுகளில் இறக்குமதித் தடை இருந்தபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போனது. அப்போது விவசாய அமைச்சர் அவர். 77 க்குப் பிறகு வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கியதும் தோட்டக்காரரின் வயிற்றில் அடி. ஆகவே "வர்த்தகர் ஜனாதிபதியானால் தமிழ் வர்த்தகர் மகிழ்வார்" என்று எழுதும்போது அது கொழும்புக் கடைக்காரரின் மகிழ்ச்சி மட்டும்தான் என்பது நினைவிருக்கட்டும். புன்னாலைக்கட்டுவனில் செம்மண் தோட்டம் வைத்திருப்பவர் அப்படி நினைக்க மாட்டார்.

வென்ற பிறகு என்ன உடையும்? 32(2) ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி வேறெந்தப் பதவியையும் வருமானம் தரும் இடத்தையும் வகிக்க முடியாது. ஆகவே எல்லாக் கம்பனிகளின் தலைவர் பதவியிலிருந்தும் விலக வேண்டும். பங்குகளை விற்கச் சொல்லி அந்த வாசகம் கேட்கவில்லை. 1973 இல் அரசு எடுத்துக்கொண்ட லேக் ஹவுசும் இனி அவர் அரசாங்கத்தின் கீழ், 'திவயின' சொந்தத்தில். லேக் ஹவுசைத் தொடங்கிய டி.ஆர். விஜேவர்தனவும் அதே குடும்பம். காலையில் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்குகிறவர் எதை எடுத்தாலும் ஒரே வீட்டுச் செய்தி.

இதைவிட நுணுக்கமானது 35 ஆம் உறுப்புரை. அன்றைய வாசகத்தின்படி ஜனாதிபதி பதவியில் இருக்கும்வரை உத்தியோகபூர்வமாகவோ தனிப்பட்ட முறையிலோ செய்தது எதற்கும் வழக்குப் போட முடியாது. ஒரு தொழிலதிபருக்கு இதன் பொருளை யோசியுங்கள். கம்பனிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணை வைத்திருக்கிறார். கம்பனி தவணை கட்டவில்லை. வங்கி கம்பனிக்கு எதிராக வழக்குப் போடலாம், பிணையாளருக்கு எதிராகப் போட முடியாது. கடன் காலாவதியாகாது, ஏனென்றால் பதவியிலிருந்த காலத்தைக் காலவரையறைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அதே உறுப்புரை சொல்கிறது. ஆகவே வங்கியின் சட்டப்பிரிவில் ஒரு கோப்பு ஆறு வருடம் காத்திருக்கிறது, பதவி இறங்கும் நாளுக்கு. இரண்டாம் பதவிக்காலத்துக்கு அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கடன் கொடுத்தது அரச வங்கி என்று வைத்தால் இன்னும் சிக்கல்: அதன் தலைவரை நியமிப்பது அவருடைய அரசாங்கம்.

இந்தியப் படை, ஜே.வி.பி. இரண்டையும் நான் நீட்டவில்லை. 1989 இல் எந்த ஜனாதிபதி வந்தாலும் அந்த இரண்டும் மேசையில் இருந்திருக்கும். பிரேமதாச போல டில்லியோடு முறுகியிருப்பாரா என்பது எழுதுகிறவரின் விருப்பம்.

இவ்வளவு சுற்ற விருப்பமில்லாதவர்களுக்கு 2022 இருக்கிறது. ஜூன் 22 இல் நாட்டின் பெரிய தொழிலதிபர்களில் ஒருவரான தம்மிக்க பெரேரா, பசில் ராஜபக்ச விட்டுப்போன தேசியப் பட்டியல் ஆசனத்தில் சத்தியப்பிரமாணம் செய்தார். இரண்டு நாளில் அமைச்சர், ஜூலை 10 இல் அமைச்சிலிருந்து விலகல். 14 இல் கோட்டாபய பதவி துறந்தார், 20 இல் பாராளுமன்ற வாக்கெடுப்பு. அதில் வென்ற ரணில் விக்கிரமசிங்கவும் தேசியப் பட்டியல் உறுப்பினர்தான். அவருக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. நாலு சீட்டு நிராகரிக்கப்பட்டது, இருவர் வாக்களிக்கவில்லை. இந்தக் கதையில் உண்மை ஆளின் பெயரைப் போடாதீர்கள். கற்பனைத் தொழிலதிபர் ஒருவரை அந்தச் சபையில் உட்கார வையுங்கள். தேவையானது 113 என்று எழுதுவது பிழை. செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் என்பதுதான் விதி. அன்று செல்லுபடியானவை 219, ஆகவே 110 போதும். மக்கள் வாக்களிக்கும் ஜனாதிபதித் தேர்தலைப் போலன்றி இங்கே கடைசி இடத்தவர்தான் முதலில் நீக்கப்படுவார், ஆகவே மூன்று வேட்பாளரோடு ஒரு சுற்றுக்கு மேல் இழுக்கலாம். வென்றவருக்குக் கிடைப்பது முழுப் பதவிக்காலம் அல்ல, கோட்டாபய மிச்சம் வைத்தது: 2024 நவம்பர் வரை. பெற்றோல் வரிசை வெளியே கிலோமீற்றர் கணக்கில் நிற்க, உள்ளே 110 பேரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். அதற்கு ஆறு நாள் இருக்கிறது.